பத்து வாரம் ஐஸ் ஹாக்கி: என் மகளின் முதல் ஜூனியர் லீக் சீசன்

அடுத்த சீசனுக்கும் பணம் கட்டிவிட்டேன். கீழே குறைகளும் எழுதப்போகிறேன். பாதியில் படித்துவிட்டு "சேர்க்க வேண்டாம் போலிருக்கிறது" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்குப் பதினொரு வயது. கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறோம். ஆகஸ்டு கடைசியில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் ஐஸ் ரிங்கில், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பிரிவில் விளையாடினாள். நான்கு அணிகள்: மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை. வாரத்தில் ஒரு நாள் பயிற்சி, ஞாயிறு காலையில் ஓர் ஆட்டம். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றையும் மூன்று முறை சந்திக்கும். ஒன்பது வாரம் அதில் போய்விடும், பத்தாவது வாரம் இறுதியாட்டம். ரிங்கின் பெயரையும் லீக் நடத்துகிறவர்களின் பெயரையும் போடவில்லை. இந்த விளையாட்டு நம் ஊரில் சின்ன வட்டம், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். சொல்ல வேண்டியதை அவர்களிடம் நேரிலேயே சொல்லியாயிற்று. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஹாக்கி, அதாவது திடல் ஹாக்கி, புதிதல்ல. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். 1975-இல் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. மெர்டேக்கா அரங்கில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்ற இறுதியாட்டத்தை நேரில் பார்த்தவர். மலேசியா நான்காவது இடம் பிடித்த ஆண்டு அது. அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரம் வரை போய் 3-2 என்று தோற்றதை இன்று கேட்டாலும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். நானும் பள்ளியில் ஹாஃப் பேக் ஆடியவன். அதனால் மகளுக்கு எட்டு வயதானதும் ஒரு ஹாக்கி ஸ்டிக் வாங்கிக் கொடுத்துத் திடலுக்கு அழைத்துப் போனேன்.

அங்கேதான் சிக்கல். அவள் இடதுகைக்காரி. எழுதுவது, பந்து எறிவது, பல் துலக்குவது எல்லாம் இடது கை. ஹாக்கி ஸ்டிக்கில் இடப்பக்கம் மட்டுமே தட்டை, அந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடது கை மேலே, வலது கை கீழே என்றுதான் பிடிக்க வேண்டும். இடதுகைக்காரருக்கென்று தனி ஸ்டிக்கை விதியே அனுமதிப்பதில்லை. பல பிள்ளைகள் இதற்குப் பழகிவிடுகிறார்கள். இவளுக்கு வரவே இல்லை. கையை மாற்றிப் பிடி, மாற்றிப் பிடி என்று ஒரு வருடம் எல்லாரும் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் ஸ்டிக்கைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு தோழியின் பிறந்தநாளுக்கு ஐஸ் ரிங்குக்குப் போனவள், அங்கே ஓரமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அங்க ரெண்டு பக்கமும் ஸ்டிக் இருக்கு" என்றாள். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வில்லைக்குப் பக் என்று பெயர். ஸ்டிக்கின் அடியில் இருக்கும் பிளேடின் இரண்டு பக்கத்தாலும் அதை அடிக்கலாம். இடது, வலது இரண்டு வளைவிலும் ஸ்டிக் செய்கிறார்கள்.

முதல் நாள் பயிற்சியிலேயே இந்த லீக்கின் மேல் எனக்கு மரியாதை வந்தது. எழுதுகிற கை எது என்று கேட்டு, சரி, இடதுகைக்காரிக்கு இடது ஸ்டிக் என்று கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தலைமைக் கோச் கேட்கவே இல்லை. ஒரு மூலையில் நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம் இருந்தது. அதை அவள் முன்னால் தரையில் போட்டு, "பாப்பா, இந்த இடத்தைக் கொஞ்சம் பெருக்கிக் கொடு" என்று மலாயில் சொன்னார். அவள் யோசிக்காமல் எடுத்துப் பெருக்கினாள். இடது கை கீழே, வலது கை மேலே. "இவளுக்கு இடது ஸ்டிக்" என்றார். எழுதும் கையை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாதாம். வலது கையால் எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர் ஐஸ் ஹாக்கியில் இடது பக்கம்தான் அடிப்பார்கள். அடுத்து வந்த சீனப் பையன் அப்படித்தான் இருந்தான்: வலது கையால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை இடது பக்கமாகப் பிடித்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு நிமிடம் ஒதுக்கினார்கள். அதன் பிறகு ஸ்கேட்ஸ் போட்டு நிற்கவைத்து, முகவாய் வரை வரும்படி ஸ்டிக்கை அறுத்துக் கொடுத்தார்கள். என் மகளை மூன்று வருடத்தில் முதன்முறையாக யாரும் கையை மாற்றச் சொல்லவில்லை.

இனி செலவு. பத்து வாரத்துக்குக் கட்டணம் 980 ரிங்கிட், ஜெர்சி அதிலேயே அடக்கம். அதைவிட உடுப்புதான் பெரிய செலவு: ஹெல்மெட், முகக்கம்பி, பல்லுறை, கழுத்துக் காப்பு, தோள் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை, தடித்த அரைக்கால் சட்டை, முழங்கால் காப்பு, ஸ்கேட்ஸ், ஸ்டிக். எல்லாம் புதிதாக வாங்கினால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். இங்கே பெற்றோர்களே ஒரு மேசை போட்டு, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். நாங்கள் ஹெல்மெட்டும் பல்லுறையும் தவிர மற்றதெல்லாம் அங்கேதான் எடுத்தோம், எழுநூறு ரிங்கிட்டில் முடிந்தது. ஹெல்மெட்டை மட்டும் பழையது வாங்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் அமெரிக்கச் சான்று முத்திரைக்குத் தயாரித்த நாளிலிருந்து ஆறரை ஆண்டுதான் ஆயுள். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை நாளாக நாளாக இறுகிப்போகும். ஸ்கேட்ஸ் வாங்கும்போது சாதாரண ஷூ அளவைச் சொல்லாதீர்கள். ஓர் அளவாவது குறைவாக வரும். "வளர்கிற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிதாக வாங்குவோம்" என்று பள்ளி ஷூவுக்குச் செய்வதை இங்கே செய்தால், கணுக்கால் உள்ளே ஆடும், பிள்ளையால் நிற்கவே முடியாது.

கழுத்துக் காப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் கழுத்தில் ஸ்கேட் பிளேடு வெட்டி இறந்துபோனார். நாட்டிங்ஹாம் பேந்தர்ஸ் அணிக்காக ஆடியவர். அதற்குப் பிறகுதான் உலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் பெரியவர்களுக்கும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. என் மனைவி அந்தச் செய்தியைத் தேடிப் படித்துவிட்டு, சேர்ப்பதற்கு முன் இரண்டு இரவு தூங்கவில்லை. இந்த லீக்கில் ஐஸுக்குள் போகும் கதவருகே ஓர் உதவிக் கோச் நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் விரலை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். பயிற்சி என்றாலும் ஆட்டம் என்றாலும் அதே கதை. ஐந்தாம் வாரம் நீல அணியின் சிறந்த ஆட்டக்காரன் கழுத்துக் காப்பை வீட்டில் மறந்துவிட்டு வந்தான். அவன் அப்பா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். விடவில்லை. யாரோ ஒரு அம்மா தன் பையன் ஆடி முடித்துக் கழற்றியதைத் துடைத்துக் கொடுத்த பிறகுதான் அவன் இரண்டாம் பகுதியில் இறங்கினான். என் மனைவி அன்றிலிருந்து நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கிறாள்.

உடலால் மோதுவது இந்தப் பிரிவில் அறவே கிடையாது. ஐஸ் ஹாக்கி பிறந்த கனடாவிலேயே பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் அதை 2013-இல் நிறுத்திவிட்டார்கள். விழுவார்கள், நிறைய விழுவார்கள். அவ்வளவு திண்டு கட்டியிருப்பதால் விழுந்த வேகத்திலேயே எழுந்துவிடுவார்கள்.

சரி, நான் இந்த லீக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு உண்மையான காரணம் ஒரு மணி. மேசையில் இருக்கும் மின்மணி. ஆட்டம் பதினைந்து நிமிடமாக மூன்று பகுதி, கடிகாரம் நிற்காமல் ஓடும். தொண்ணூறு விநாடிக்கு ஒரு முறை அந்த மணி அடிக்கும். அடித்ததும் ஐஸில் இருக்கும் ஐந்து பேரும் வெளியே, பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரும் உள்ளே. கோல் கீப்பர் மட்டும் மாறமாட்டார். பக் யாரிடம் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பது முறை ஆள் மாறும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினைந்து முறை, மொத்தம் இருபத்திரண்டரை நிமிடம் ஐஸில். நன்றாக ஆடுகிறவனுக்கும் அதே இருபத்திரண்டரை, நேற்று வந்தவளுக்கும் அதே. அதோடு, கெட்டிக்காரர்கள் இருக்கும் ஐவர் எதிரணியின் கெட்டிக்காரர்களோடும், புதியவர்கள் புதியவர்களோடும் மோதும்படி வரிசை பார்த்து இறக்குகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் வேறொரு விளையாட்டில் வேறொரு போட்டித் தொடரில் அவளைச் சேர்த்திருந்தேன். ஆறு ஆட்டத்தில் அவள் களத்தில் இருந்த நேரத்தைக் கூட்டினால் அரைமணி தேறாது. ஜெயிக்க வேண்டும் என்றால் பலவீனமானவர்களை உட்கார வைப்பது கோச்சுக்குச் சுலபமான வழி. பத்து வயதுப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற பெற்றோருக்குத்தான் அந்த வலி தெரியும். இங்கே கோச் நினைத்தாலும் அப்படிச் செய்ய முடியாது. மணி அடித்துவிடும்.

அந்த மணி சில நேரம் கொடுமையும் செய்யும். ஏழாவது வாரம் சிவப்பு அணியோடு ஆட்டம், 2-2. என் மகள் நடுக்கோட்டில் பக்கைப் பறித்துக்கொண்டு தனியாகப் போகிறாள். முன்னால் கோல் கீப்பர் மட்டும். அதுவரை அவள் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன், அப்பாவும் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். அடிப்பதற்கு ஸ்டிக்கைப் பின்னால் கொண்டுபோன அந்த நொடியில் மணி அடித்தது. அப்பா கண்ணாடியில் தட்டி, "அடிச்சிட்டு வாம்மா! அடிச்சிடு!" என்று கத்தினார். அவள் ஸ்டிக்கை இறக்கினாள். பக்கை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி பெஞ்சுக்கு வந்தாள். முகக்கம்பிக்குள்ளே உதடு துடிப்பது எனக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. கோச் ஒன்றும் பேசவில்லை. அவள் ஹெல்மெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அடுத்த மணி அடிக்கும் வரை எடுக்கவே இல்லை. இறங்கி வந்த அடுத்த பெண் அந்தப் பக்கை எடுத்துக் கோல் போட்டுவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்தான் முதலில் ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். மகள் தன் கோலை ஒன்பதாவது வாரம் போட்டாள். ஆனால் வீட்டில் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசுவது ஏழாவது வாரத்தைத்தான்.

அப்பாவுக்கு முதலில் இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. "பந்து எங்கடா? கண்ணுக்கே தெரியலையே" என்றார். மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமும் உள்ள கறுப்பு ரப்பர் வில்லை, அவருடைய கண்ணுக்கு எட்டுமா? இடைவேளையில் உதவிக் கோச் ஒரு பக்கைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். நம் பிள்ளைதான், சிரம்பான் பக்கம் சொந்த ஊர். "பிடிச்சுப் பாருங்க, தாத்தா." ஆட்டத்துக்கு முன்னால் பனிக்கட்டி வாளிக்குள் போட்டு வைத்திருப்பார்கள், துள்ளாமல் வழுக்கிப் போவதற்காக. சில்லென்று இருந்ததைக் கையில் ஏந்தி எடை பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "நம்ம ஹாக்கிப் பந்து கனம்தான் இருக்கும்போல." வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஹாக்கிப் பந்து 156-இலிருந்து 163 கிராம், பக் 156-இலிருந்து 170 கிராம். ஐம்பது வருடம் கழித்தும் அவர் கைக்கு அது மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. ஆஃப்சைடு விதியில் மட்டும் (பக் நீலக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஆட்டக்காரர் எதிரணிப் பகுதிக்குள் போகக் கூடாது என்பது) இன்னும் சமாதானம் ஆகவில்லை. திடல் ஹாக்கியில் அதைத் தொண்ணூறுகளிலேயே எடுத்துவிட்டார்களே, இவர்கள் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று நடுவரிடமே கேட்டார். அந்த இளைஞர் பொறுமையாக நீலக்கோட்டைக் காட்டி விளக்கினார். நடுவர்கள் எல்லாருமே முன்னாள் ஜூனியர் ஆட்டக்காரர்கள். விசில் ஊதியதும் பிள்ளையிடம் குனிந்து, என்ன தவறு என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள்.

வெளியே முப்பத்து மூன்று டிகிரி, உள்ளே ஸ்வெட்டர் போட்டும் குளிரும். வயதானவர்களைக் கூட்டிப் போனால் காலுறையும் குல்லாவும் கட்டாயம். பிளாஸ்க்கில் மைலோ கொண்டுபோங்கள், ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தப் பேரங்காடியில் ஒரு கடையும் திறந்திருக்காது. ஆட்டம் முடிந்ததும் பசியாற வெளியே வந்து, பக்கத்துத் தாமானில் ரொட்டி சானாய்க் கடைக்குப் போவோம். பாதி அணி அங்கேதான் இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன்.

பிளேடு தீட்டுவது. ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி ஒரு குழிவு ஓடும், அதன் இரு கரையும்தான் ஐஸைக் கடிக்கிற விளிம்புகள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நான்காவது வாரம் வெளியே ஒரு கடையில் தீட்டக் கொடுத்தேன், முப்பது ரிங்கிட். அந்த ஞாயிறு இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் மகள் விழுந்தாள். காலில் பலமில்லை என்று நினைத்து அவளிடம் கொஞ்சம் கடுமையாகவும் பேசிவிட்டேன். உதவிக் கோச் ஸ்கேட்டைக் கழற்றச் சொல்லி, தலைகீழாகப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஓர் இருபது சென் காசை வைத்தார். "அண்ணே, குனிஞ்சு முன்பக்கத்துலேருந்து பாருங்க." காசு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வெளி விளிம்பு உயரம், உள் விளிம்பு தாழ்வு. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மகளிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். இந்தக் காசுப் பரிசோதனையை முதல் நாளே எல்லாப் பெற்றோருக்கும் லீக் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர்களிடமே தீட்டுகிற இயந்திரம் இருக்கிறது, கேட்டால் செய்து தருகிறார்கள் என்பதும் ஐந்தாம் வாரம்தான் எனக்குத் தெரிந்தது. எடை குறைந்த பிள்ளைக்குக் குழிவு சற்று ஆழமாக இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார் அங்கே இருப்பவர்.

ஆறாவது வாரம் ஐஸை மெழுகும் வண்டி பழுதாகிவிட்டது. ஃபிராங்க் சாம்போனி என்பவர் 1949-இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்த வண்டி அது. மேல்படலத்தைச் சீவி எடுத்து, பின்னாலேயே வெந்நீர் ஊற்றிக்கொண்டு போகும். வெந்நீர் பழைய ஐஸை லேசாக உருக்கி அதனோடு ஒட்டிக்கொள்வதால் பரப்பு கண்ணாடி மாதிரி ஆகும். வண்டி இல்லாததால் முந்தின நாள் இரவு வரை பொதுமக்கள் சறுக்கிய கீறலும் குழியும் அப்படியே இருந்தன. பக் பத்தடி போவதற்குள் தடுக்கி நின்றது. வெள்ளை அணிப் பையன் ஒருவன் கீறலில் பிளேடு மாட்டி மணிக்கட்டைப் பிசகிக்கொண்டான். அன்று ஆட்டத்தை ஒத்திவைத்திருக்க வேண்டும். ஐஸுக்கு வாடகை கட்டியாயிற்று என்பதற்காகப் பிள்ளைகளை இறக்கியது தவறு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நேர மாற்றத்தை முந்தின இரவு பதினொன்றரைக்கு வாட்ஸாப்பில் போடும் பழக்கமும் இருக்கிறது. இரண்டு முறை நடந்தது. காலை ஏழு மணி ஆட்டத்துக்கு ஐந்தேகாலுக்கு எழுந்திருக்கிற வீடுகளுக்கு அது எவ்வளவு சிரமம் என்று அவர்கள் யோசிப்பதில்லை. அதே சமயம், ஒன்பதாவது வார ஞாயிறு தீபாவளிக்கு முதல்நாளாக வந்தபோது, மூன்று தமிழ்க் குடும்பங்கள் கேட்டதற்காக இரண்டு அணிகளின் ஆட்டத்தைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மகள் தன் ஒரே கோலைப் போட்டது அந்தச் சனிக்கிழமைதான். பாட்டி சுட்ட முறுக்கு டின் பெஞ்சில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்க் காலியாகத் திரும்பி வந்தது.

நம் ஊர் ஈரக்காற்றில் உடுப்பைக் காயவைப்பது தனி வேலை. பையிலேயே விட்டால் ஒரே இரவில் பூசணம் பிடித்துவிடும். வந்ததும் எல்லாவற்றையும் விரித்து மேசைக் காற்றாடி முன்னால் வையுங்கள், கையுறைக்குள் பழைய நாளிதழைச் சுருட்டித் திணியுங்கள். பிளேடைத் துடைத்து, துணியுறை மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் உறையோடு மூடி வைத்தால் உள்ளே ஈரம் தேங்கித் துருப்பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம் இது. ரிங்கில் உடை மாற்றும் அறை இரண்டு, இரண்டிலும் பையன்கள், அவர்களின் அப்பாக்கள். எங்கள் பிரிவில் நான்கு அணியிலும் சேர்த்துப் பெண்பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களைப் பேரங்காடியின் பொதுக் கழிவறையில் போய் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பதினொரு உருப்படி உடுப்பு, நனைந்த தரை, தோளிலிருந்து இறக்கி வைக்க இடமில்லை. என் மனைவி கதவுக்கு முன்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது வாரம் மகள் ஈரத்தரையில் காலுறையோடு கால் வைத்துவிட்டாள். மாற்றுக் காலுறை இல்லை, அதே ஈரத்தோடு ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு ஆடினாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம், நான்கு நாள் பள்ளிக்குச் செருப்போடு போனாள். மலேசியாவுக்கு மகளிர் ஐஸ் ஹாக்கி தேசிய அணி இருக்கிறது. 2006-இலிருந்து உலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக இருக்கும் நாடு நாம். 2017-இல் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டதும் இங்கேதான். பிலிப்பீன்ஸும் தாய்லாந்தும் இறுதியாட்டம் ஆடியதை நானே தொலைக்காட்சியில் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு, ஐந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதவும் ஒரு பெஞ்சும் கொடுக்க முடியாதா?

ஐந்து அம்மாக்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எட்டாவது வாரம் கடிதம் கொடுத்தார்கள். கோச்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஸ்கேட்ஸ் வாடகை இடத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையைக் காலி செய்து அடுத்த சீசனுக்குக் கொடுப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பத்தாவது வாரம் போனபோது எட்டிப் பார்த்தேன். பெட்டிகளை அகற்றி, தரையில் ரப்பர் விரிப்பும் போட்டுவிட்டார்கள். கதவின் உள்பக்கத்தில் இன்னும் தாழ்ப்பாள் இல்லை.

ஆட்டம், பயிற்சி, கோச்கள், நடுவர்கள் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். இடத்துக்கும் நிர்வாகத்துக்கும் இரண்டு. எட்டு வயதுக்கு மேல் பிள்ளை இருந்து, அது ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து சோர்ந்துபோயிருந்தால் தைரியமாகச் சேருங்கள். எட்டு வகுப்பாவது முழுக் காப்பு உடுப்போடு எடுத்து, விழுந்து எழக் கற்றுக்கொண்ட பிறகு லீக்குக்கு வருவது நல்லது. அடுத்த சீசன் ஜனவரியில் தொடங்குகிறது. முதல் ஞாயிறு அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்களா என்று இங்கேயே எழுதுகிறேன்.